இரண்டு குண்டுமணி இடம்

4 மே 1969, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். காலை எட்டு மணிக்கே முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. வடகம் பிழிந்து மாடியில் போட்டாயிற்று. காக்காய்க்குக் காவல் நான்.

பல்கலைக்கழகத்திலிருந்து நேற்று இசைப் படிப்புக்கான விண்ணப்பத் தாள் இரண்டு வந்தன. ஒன்று எனக்கு, ஒன்று என் சிநேகிதி தெய்வானைக்கு. (முழுப் பேர் எழுதச் சோம்பல். இனி தெ.) இருவருக்கும் எங்கள் காரைக்குடி விலாசம்தான் கொடுத்திருந்தோம். அவள் ஊர் கண்டரமாணிக்கத்துக்குத் தபால் போனால் அவள் அண்ணன் மாணிக்கம் கையில்தான் முதலில் விழும். அவர் பிரித்துப் படித்துவிட்டு நாலு நாள் கழித்து ஞாபகம் வந்தால் கொடுப்பார்.

கேட்டிருப்பவை:
– எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்
– போட்டோ
– வயதுச் சான்று. (எங்கள் இருவருக்கும் இதுதான் கடைசி வருடம். இதை விட்டால் வரம்பு தாண்டிவிடும்.)
– நேரில்: குரல். அவர்கள் பாடுவதைக் கேட்டு ஸ்வரம் எழுதுவது. தாளக் கணக்கு.
– அச்சில் வராத பாட்டு ஒன்று. சொந்தக் காதால் கேட்டு ஸ்வரப்படுத்தி, கையெழுத்தில் எழுதிக் கொண்டுவர வேண்டும்.

கடைசிதான் இடிக்கிறது. எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் எதிர்வீட்டு ஆச்சியின் ரேடியோவில் கேட்டது. ரேடியோவில் வருவதெல்லாம் ஏதாவது புத்தகத்தில் இருக்கும். அச்சில் வராத பாட்டுக்கு எங்கே போவது?

அம்மா: "பாட்டப் பாடுறதுக்குப் போவாக. எழுதுறதுக்குமா ஒரு காலேஜு?"

8 மே, வியாழன்

அனல். பட்டறையில் அப்பா ஊதுகுழலை வைத்துவிட்டு விசிறியை எடுத்துக்கொண்டார். தங்கக் கட்டுப்பாடு வந்த பிறகு பாதி நாள் அடுப்புக்கு வேலை இல்லை. அதனால்தான் பழைய குண்டுமணி டப்பா என் கைக்கு வந்தது. நிறுக்க வைத்திருந்த மணிகள். இப்போது தாளம் எண்ணுகின்றன.

என் முறை இது. தரையில் வரிசைக்கு எட்டு மணி. ஒரு மணிக்கு ஒரு ஸ்வரம். ஸ்வரம் நீண்டால் அடுத்த மணியைக் கவிழ்த்துக் கறுப்புப் பக்கம் தெரிய வைப்பது. பார்த்துக்கொண்டே நோட்டில் கட்டம் போட்டு எழுதிவிடலாம். பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் மாற்றலாகிப் போனபோது விட்டுச்சென்ற கிழிந்த ஸ்வரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே மண்டையை உடைத்துக் கண்டுபிடித்தது. கர்வம்தான். வேறு எதற்குக் கர்வப்பட இருக்கிறது எனக்கு?

எழுதிப் பழகியவை, இந்த வாரம்: தேவகோட்டை பஸ்ஸின் ஹாரன் (ஸ ப ஸ, சுத்தம்). உப்புக்காரர் கூவல். அம்மா என்னைக் கூப்பிடும் "சொர்ணம்". சாதாரணமாகக் கூப்பிட்டால் க ரி. கோபமென்றால் ப க.

எழுத்து இருக்கிறது. குரல் இல்லை. மேல் ஸட்ஜத்துக்குப் போனால் உடைகிறது. சாதகம் செய்தால் சரியாகும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரியாகவில்லை.

12 மே, திங்கள்

சந்தை நாள். தெ. வந்தாள், அவள் அய்யாவோடு. (அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.) கத்திரிக்காய் மூட்டையை இறக்கிவிட்டு அவர் பட்டறை வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். நாங்கள் உள்ளே.

தெ.யின் நிலைமை எனக்குத் தலைகீழ். குரல் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. ஏழு வருடம் ஒரே பெஞ்சில் இருந்தேன், இன்னும் தெரியவில்லை. எழுதச் சொன்னால்தான் கண்ணைக் கசக்குகிறாள். இன்று அவளே பாடி அவளே எழுத வேண்டும் என்று சொன்னேன். இரண்டு வரி எழுதிவிட்டுப் பென்சிலைப் போட்டாள்.

"இந்த நெளிவு இருக்குல்ல, அத எங்குட்டு எழுதுறது? மணியும் பத்தாது கட்டமும் பத்தாது."

"நெளிவு எழுத வேணாம். நிக்கிற எடம் மட்டும் எழுது."

"நிக்கிற எடத்துல என்ன இருக்கு? போற வழியிலதான பாட்டு இருக்கு."

"பரீட்சையில இதைக் கேக்க மாட்டாக, எழுதுடி" என்று அதட்டினேன். ஆனால் படிக்கப் பழகிவிட்டாள். போன மாதம் வரை எழுத்துக் கூட்டினாள். இன்று நான் எழுதிய தாளைக் கொடுத்தால் கண் ஓட ஓட முணுமுணுத்துவிட்டாள். எனக்கு நானே பாடியதைப் போல் ஒரு சந்தோஷம்.

அவள் அய்யா எட்டிப் பார்த்தார். வரிசையாகக் கிடந்த மணிகளைப் பார்த்து, "ஏ தாயி, நீங்க பாட்டுப் படிக்கிறீகளா, பரமபதம் ஆடுறீகளா?" என்றார்.

பிறகு அப்பாவும் அவரும் வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். இது நான் கேட்டது, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து:

"பத்தரே, போனா ரெண்டும் சேந்து போகட்டும். ஒண்ணு மட்டும் போறதுன்னா வேணாம்."

"நானும் அதத்தான் நெனச்சேன். ரெண்டுஞ் சேந்துதான். இது வாக்கு."

ஆயிற்று. வாக்கு. எத்தனை நாளாக இதற்கு ஏங்கினேன்! தெ. என் கையைக் கிள்ளினாள், வலிக்க வலிக்க.

15 மே, வியாழன்

விண்ணப்பங்கள் தபாலில் சேர்த்தாயிற்று. பரீட்சை ஜூன் 18.

இரவு படுத்துக்கொண்டு ஹாஸ்டலை நினைத்துப் பார்த்தேன். இரண்டு கட்டில். நடுவில் ஜன்னல். பக்கத்து அறையில் யாரோ சாதகம். அதற்கப்பால் இன்னும் யாரோ. விழித்ததிலிருந்து தூங்கும் வரை பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாத ஓர் இடம் இந்த பூமியில் இருக்கிறது. வடகம் இல்லை. காக்காய் இல்லை. வேண்டும். எனக்கு அது வேண்டும்.

19 மே, திங்கள்

சந்தை நாள். தெ. வரவில்லை.

பதினோரு மணிக்கு ஓர் ஆள் வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. அப்போதே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தெ.யின் அய்யா விடியற்காலையில் கிணற்றடியில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லையாம். நெஞ்சுவலி.

போன திங்கள் அந்தத் துண்டை விரித்து உட்கார்ந்த மனிதர்.

அப்பாவும் நானும் கிளம்புகிறோம். பஸ் ஒன்றரைக்கு.

20 மே, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் எழுதக் கூடாது. எழுதுகிறேன்.

நாங்கள் போனபோது பந்தலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தி எடுக்க மற்றவர்கள் சேர்ந்து முடிப்பது. தெ. நடுவில் இருந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. என்னைப் பார்த்தாள், ஆனால் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் அவள் எடுத்தாள். "அய்யா" என்று.

மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். சேர்ந்து அழ வேண்டிய பெண்கள் வாய் மூடிக் கேட்டார்கள். ஆண்கள் பக்கம் பேச்சு நின்றது. அந்தக் குரலை ஏழு வருடம் கேட்டிருக்கிறேன். இதை நான் கேட்டதில்லை.

இப்போது உண்மையை எழுத வேண்டும். இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப்போவதில்லை. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுதுகொண்டே என் கட்டைவிரல் புடவைத் தலைப்புக்குள் எண்ணிக்கொண்டிருந்தது. ஸ, நி, த, ப. அங்கிருந்து ஒரே தாவலாக மேல் ரிஷபம். தாளம் இல்லையே என்று பார்த்தேன். இருந்தது. மாரில் விழுந்த அடி. எட்டுக்கு ஒரு தரம் மூச்சு.

சீ என்று இருந்தது. விரல் நிற்கவில்லை.

21 மே, புதன்

எழுதிவிட்டேன். மாடியில், குண்டுமணி வைத்து. நாலு வரி, ஒவ்வொன்றிலும் நாலு எட்டு. ஒரு தவறு இருக்காது. என்ன ராகம்? புன்னாகவராளி மாதிரி இருக்கிறது, ஆனால் இல்லை.

சாவு விழாத வீட்டில் ஒப்பாரியை வாயாலும் சொல்லக் கூடாது. நான் தாளில் எழுதி அரிசிப் பானைக்கு மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன். அம்மா எடுத்துப் பார்த்தாள். "எம்புட்டு அழகா எழுதியிருக்க" என்றாள். வார்த்தை ஒன்றும் இல்லையே. ஸ ரி க ம மட்டும். அம்மாவுக்கு அது கோலம் போலத்தான்.

இதைப் படிக்கத் தெரிந்தவள் இந்தப் பக்கத்தில் இன்னும் ஒருத்திதான். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

நான் செய்த எழுத்திலேயே இதுதான் நல்லது. அச்சில் வராதது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்: அந்த நினைப்பு எனக்கு முந்தாநாளே, பந்தலிலேயே வந்தது.

27 மே, செவ்வாய்

தெ.யிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நான் மூன்று கார்டு போட்டேன்.

எதிர்வீட்டு ஆச்சி ஜன்னலிலிருந்து: "ஏ சொர்ணம், கச்சேரி ஆரம்பிச்சுட்டாக. சத்தமா வைக்கவா?"

"வேணாம் ஆச்சி."

"ஒடம்புக்கு என்ன?"

3 ஜூன், செவ்வாய்

கருமாதி. அப்பாவோடு போனேன். பழகிய தாள்களையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டி எடுத்துப்போனேன். பதினைந்து நாள்தான் இருக்கிறது, அவளுக்கு விட்டுப்போயிருக்கும் என்று.

சாப்பாடு முடிந்து அப்பா மாணிக்கத்திடம் பரீட்சையைப் பற்றி மெல்ல ஆரம்பித்தார். அவர் கும்பிட்டார்.

"பெரியவுக நீங்க. நீங்களே சொல்லுங்க. அப்பன் செத்த வருசத்துலயே தங்கச்சிய பாட்டுப் பாட அனுப்பிட்டான்னு ஊரு காறித் துப்பாதா?"

அப்பா பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். என்ன சொல்ல முடியும்?

தெ. பின்கட்டில் நெல் மூட்டைமேல் சாய்ந்து இருந்தாள். இளைத்துவிட்டாள். குரல் அடைத்திருந்தது. அழுதது அழுததுதான், பிறகு வாயே திறக்கவில்லை என்று அவள் அம்மா சொன்னார்கள். நான் என்னென்னவோ பேசினேன். அவள் கட்டைப் பிரித்து, சும்மா கைக்கு வேலையாக, ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். பஸ் ஹாரனுக்குச் சிரித்தாள், கொஞ்சம். அடுத்த தாள். அடுத்த தாள்.

அந்தத் தாளும் கட்டில் இருந்தது. நான் வைக்கவில்லை. அலமாரியிலிருந்து மொத்தமாக அள்ளியபோது வந்திருக்கிறது. அவள் கைக்குப் போன பிறகுதான் பார்த்தேன்.

பழக்கத்தில் முணுமுணுக்க ஆரம்பித்தாள். முதல் வரி, பாடம் படிப்பதுபோல. இரண்டாவது வரியில் மேல் ரிஷபத்துக்குத் தாவியதும் நின்றாள். தாளைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். வாய் அசைய முழுவதும் படித்தாள், சத்தமில்லாமல்.

"இது எங்க அய்யாவுக்கு நான் அழுதது."

"ஆமா."

"அங்குட்டு நின்னு இத எழுதிக்கிட்டா இருந்த?"

"வீட்டுக்குப் போயி எழுதுனேன்."

"நீ அழுகலையா?"

அழுதேன் என்று சொன்னால் பொய் இல்லை. ஆனால் சொல்ல முடியவில்லை. அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு."

அவ்வளவுதான். வாசல் வரைக்கும் வரவில்லை. பஸ்ஸில் அப்பா ஏதோ கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

6 ஜூன், வெள்ளி

ஒன்றும் இல்லை. மாவு அரைத்தேன். காப்பிப் பொடி தீர்ந்தது.

தாள் என்னிடம் இல்லாவிட்டாலும் மனப்பாடம். திரும்ப எழுத ஐந்து நிமிடம் போதும். எழுதினேன். கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகு உட்கார்ந்து அழுதேன், விரல் எண்ணாமல், பதினெட்டு நாள் தாமதமாக. அவள் அய்யாவுக்காகவா, எனக்காகவா, தெரியவில்லை.

அவளோடு பேச வேண்டும் போல் இருக்கிறது. பேச வேண்டிய விஷயமே அவளுக்கு நான் செய்த காரியம்தான். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

9 ஜூன், திங்கள்

சந்தை. மாணிக்கம் மட்டும் வந்திருந்தார். பட்டறையில் தலையை நீட்டி, "தங்கச்சி இதக் குடுத்துவிட்டுச்சு" என்று மடித்த தாளை நீட்டினார். போய்விட்டார்.

அதே தாள். என் எழுத்து. மூன்றாவது வரியில் அவள் பென்சிலால் திருத்தியிருக்கிறாள். அங்கே நான் ஸ்வரத்தை நீட்டி இரண்டு கமா போட்டிருந்தேன். இரண்டையும் அடித்துவிட்டு இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறாள். ஓரத்தில், நசுங்கிய எழுத்தில்:

"இங்க நான் நீட்டல. அய்யான்னு கூப்புட்டேன். மூச்சு வல்ல. ரெண்டு குண்டுமணிக்கு ஒண்ணுமே இல்ல."

ஆமாம். நினைத்துப் பார்க்கிறேன். அங்கே குரலே இல்லை. வெற்றிடத்தைக் காது தாங்காமல் நானாக இட்டு நிரப்பியிருக்கிறேன். ஒரு தவறு இருக்காது என்று எழுதியவள்!

அவள் தானாகச் செய்த முதல் திருத்தம். சரியான திருத்தம்.

தாளின் அடியில்: "கொண்டு போ. பாடுனது யாருன்னு எழுது. நான் வல்ல. நீ போயிட்டு வா."

மூன்று தரம் படித்தேன். கோபம் தீர்ந்துவிட்டதா, தீராமலே கொடுத்தாளா? தெரியவில்லை.

10 ஜூன், செவ்வாய்

அப்பாவிடம் தாளைக் காட்டிக் கேட்டேன். தெ. இல்லாமல் போகலாமா என்று. அம்மா அடுப்படியிலிருந்தே, "ரெண்டுஞ் சேந்துதான்னு நீங்கதான வாக்குக் குடுத்தீக" என்றாள்.

அப்பா வெகுநேரம் தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பவுன் நிறுப்பதற்கு இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"அந்த மனுசன் இருந்தா ரெண்டையும் அவரே கூட்டிட்டுப் போயிருப்பாரு. இப்ப நான் இவளையாச்சும் கூட்டிட்டுப் போறேன். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

18 ஜூன், புதன்

பரீட்சை. இங்கே சத்திரத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பா தூங்கிவிட்டார்.

பெரிய கட்டடம். நுழைந்ததும் ஏதோ ஓர் அறையில் வீணை, மேலே எங்கோ இரண்டு பேர் ஒரே வர்ணத்தை. யாரும் நின்று கேட்கவில்லை. சாதாரணமாகக் கடந்து போகிறார்கள். நான் படிக்கட்டில் நின்றேன். அப்பா "நட ஆத்தா" என்று தள்ள வேண்டியிருந்தது.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாடக் கேட்டு எழுதுவது: முழுவதும் சரி. நடுவில் இருந்த அம்மையார் வேண்டுமென்றே எடுப்பைத் தாளம் தொடங்கும் இடத்திலிருந்து தள்ளிப் பாடினார்கள், அதையும் பிடித்துவிட்டேன். தாளக் கணக்கு: சரி. பாடச் சொன்னார்கள். மேல் ஸட்ஜத்தில் உடைந்தது. "மறுபடி" என்றார்கள். மறுபடியும் உடைந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டும் உடைந்தது.

பிறகு அந்தத் தாள். பெரியவர் ஒருவர் வாங்கித் தனக்குள் பாடிப் பார்த்தார். மூன்றாவது வரியில் நின்றார்.

"இங்கே ரெண்டு அட்சரம் ஏன் காலி? எழுத விட்டுப்போச்சா?"

"இல்லைங்க. பாடுனவளுக்கு மூச்சு வரலை."

அவர் மறுபடி முதலிலிருந்து பாடினார். அந்த இடத்தில் கை மட்டும் இரண்டு தரம் தட்டியது. அந்த அறையில் யாரும் அசையவில்லை. எனக்குப் பந்தல் ஞாபகம் வந்தது.

"யார் பாடினது?"

"என் சிநேகிதிங்க. தெய்வானை. அவளும் விண்ணப்பம் போட்டிருக்கா. அவ அய்யா தவறிட்டாக, அதான் வரலை. இது அவரு சாவுக்கு அவ பாடினது."

அம்மையார் பட்டியலில் விரலை ஓட்டி ஒரு பேருக்கு அடியில் கோடு போட்டார்கள். பெரியவர் என்னிடம், "உங்க எழுத்து ரொம்பச் சுத்தம்மா. குரல்தான்…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் தாளை எடுத்துவைத்துக்கொண்டார்.

முடிக்கவே இல்லை.

28 ஜூன், சனி

தபால். இரண்டு உறை.

எனக்கு: இந்த ஆண்டு இடமளிக்க இயலவில்லை.

தெ.க்கு: ஜூலை 7 காலை நேரில் வரவும். தனித் தேர்வு.

அவளுடையதையும் நான்தான் பிரித்தேன். எங்கள் விலாசம்தானே. அவள் அண்ணனைப் பற்றி என்னவெல்லாம் எழுதினேன், மேலே.

29 ஜூன், ஞாயிறு

அவள் கடிதத்தைக் குண்டுமணி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.

கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அவளே "நான் வல்ல" என்று எழுதிவிட்டாள். மாணிக்கமும் விட மாட்டார். கொடுத்துத்தான் என்ன ஆகப்போகிறது? இப்படிக் காலையிலிருந்து எனக்கு நானே வக்கீல்.

காரணம் அதெல்லாம் இல்லை. அந்த ஜன்னலும் இரண்டு கட்டிலும். அவள் ஒருத்தி மட்டும் அங்கே இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பொறாமை. எழுதிவிட்டேன், போதுமா?

30 ஜூன், திங்கள்

சந்தை. மாணிக்கம் வந்தார், அப்பாவோடு பேசினார், போனார். நான் உள்ளே இருந்தேன். டப்பா மடியில் இருந்தது.

ஏழு நாள்தான் இருக்கிறது.

1 ஜூலை, செவ்வாய்

முதல் பஸ். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "நானும் வரவா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

தெ. கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் படித்தாள்.

"உனக்கு?"

"என்னை எடுக்கலை."

அவள் கடிதத்தை மடித்தாள், பிரித்தாள்.

"இது வந்து எத்தன நாளாச்சு?"

"மூணு நாள். கொடுக்க வேணாம்னு வச்சிருந்தேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். அவள் கல்லில் உட்கார்ந்து, "நானா இருந்தா ஒரு வாரம் வச்சிருப்பேன்" என்றாள். இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் சிரித்தோம். அப்புறம் மறுபடி.

வீட்டுக்குள் போய், பரீட்சையில் அந்தப் பெரியவர் பாடியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். மாணிக்கம் பழைய பல்லவியையே பாடினார். ஊர், வருசம், அப்பன். அப்போது உள்ளே மூலையில் இருந்து அவள் அம்மாவின் குரல். துக்கத்துக்குப் பிறகு அறையை விட்டு வெளியே வராதவர்கள்.

"ஏய்யா மாணிக்கம். ஒங்கய்யாவுக்கு அவ அழுத அழுகை அம்புட்டுத் தூரம் போயிருக்கு. எவனோ பெரிய மனுசன் ஒக்காந்து அதப் பாடியிருக்கான். இதுக்கு மேல என்ன கருமாதி வேணும் அவுகளுக்கு? போகட்டும் விடு."

மாணிக்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதுதான் சம்மதம்.

தெ. பஸ் வரைக்கும் வந்தாள். "நீ இல்லாம நான் எப்புடி எழுதுவேன்?"

"என் தப்பையே திருத்திட்டே. இன்னும் என்னடி?"

6 ஜூலை, ஞாயிறு

அண்ணனும் தங்கையும் காரைக்குடி வந்து பஸ் மாறினார்கள். அப்பா ஒரு பொட்டலம் பேரிக்காய் வாங்கிக் கொடுத்தார். நான் குண்டுமணியில் பாதியைப் பிரித்துத் துணியில் முடிந்து கொடுத்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். கீழே இறங்கி நின்று கையை ஆட்டினேன். தூசி அடங்கும் வரைக்கும்.

வரும் வழியில் அப்பா, "அடுத்த வருசம் நீயும்…" என்று தொடங்கினார். பிறகு வயது வரம்பு ஞாபகம் வந்திருக்கும். மல்லிகைப்பூ விலையைக் கேட்டார்.

14 ஜூலை, திங்கள்

அவளை எடுத்துக்கொண்டார்கள். தந்தி மாணிக்கத்துக்கு, மாணிக்கம் சந்தைக்கு வந்து எங்களுக்கு. முகம் முழுக்கப் பெருமை அவருக்கு.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. சத்தியமாக. ஆனால் சாயங்காலம் ஆச்சி வீட்டு ரேடியோவில் யாரோ பாட, விரல் தானாக எண்ணத் தொடங்கியதும் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன்.

2 ஆகஸ்ட், சனி

மழை வரும்போல் இருட்டிவிட்டு வரவில்லை. அம்மா துவரம்பருப்பு காயவைத்து எடுத்து, காயவைத்து எடுத்து, என்னைத் திட்டுகிறாள். மேகத்தை நான்தான் வரவழைத்தேனாம்.

தெ.யிடமிருந்து தடித்த உறை. பிரித்தால் கடிதம் இல்லை. ஒரு பக்கம் முழுக்க ஸ்வரம். கட்டம் போட்டு, அழகாக. நெளிவுக்கு அங்கே ஏதோ குறி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஸ்வரத்தின் தலையில் சின்ன அலை. தலைப்பு மட்டும் உண்டு: "சொர்ணத்துக்கு. நானே போட்டது."

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மீதி மணியை வரிசை வைத்தேன். மெதுவாகப் பாடிப் போனேன். எல்லாம் என் குரலுக்குள்ளேயே அடங்கி வருகிறது. ஓரிடத்திலும் இழுக்கவில்லை. ஏழு வருடம் பக்கத்தில் இருந்து கேட்டவள்தானே. கடைசி வரியில் மேலே ஏறுகிறது. ப, த, நி. அடுத்தது மேல் ஸட்ஜம். பாட்டை நிறுத்திவிட்டேன். இவளுமா?

ஆனால் நிஷாதத்துக்கும் ஸட்ஜத்துக்கும் நடுவில் இரண்டு கட்டம் காலி. கீழே பென்சிலில்:

"ரெண்டு குண்டுமணி ஒனக்கு விட்டுருக்கேன். மூச்செடுத்துக்க. அவசரப்படாத."

எடுத்தேன். ஒன்று. இரண்டு.

எட்டியது.